புதுப்பிப்பு: எஸ்பிசிஎல்-இல் (காமன் லிஸ்ப் மொழியின் ஒரு செயலாக்கம்) ஓடும் நிரலை அப்படியே இயங்கு கோப்பாகச் சேமிப்பது (தீர்ந்தது)

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஈமாக்ஸ் எடிட்டரில் லிஸ்ப் எழுத உதவும் ஸ்லைமுக்குள், ஓடும் நிரலின் நினைவகத்தைக் கோப்பாகச் சேமிக்கும் 'சேவ்-லிஸ்ப்-அண்ட்-டை' கட்டளையைக் கொடுத்தால், பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஓடுவதாகப் பிழை காட்டி நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். "ஸ்லைமே த்ரெட் வைத்திருக்கிறது, வெறும் டெர்மினலில் ஓட்டுங்கள்" என்ற பதில்தான் பலித்தது. நிரலை லோட் செய்து, அதே கட்டளையில் ':டாப்லெவல்' (கோப்பு தொடங்கியதும் ஓட வேண்டிய ஃபங்ஷன்), ':எக்ஸிக்யூட்டபிள்' (தனியாக இயங்கும் கோப்பு வேண்டும் என்பது) இரண்டும் கொடுத்தேன். சுமார் 40 எம்பியில் தனிக் கோப்பு வந்தது. ஒரு 'ஹலோ' அளவு சின்ன நிரலுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

எதிர்பாராதது ஒன்று. ஹோம் ஃபோல்டரின் பாதையை 'டெஃப்வார்' மாறியில் (நிரல் லோட் ஆகும்போதே மதிப்பு பெறும் பொது மாறி) வைத்திருந்தேன். நண்பரின் கணினியிலும் அது என் ஃபோல்டரையே தேடியது! சேமித்த நேரத்து மதிப்பு நினைவகத்தோடு உறைந்துபோயிருக்கிறது. அந்த வரியை டாப்லெவல் ஃபங்ஷனுக்குள் நகர்த்தினேன், சரியாகிவிட்டது. டேட்டாபேஸ் இணைப்பையும் அங்கேயே திறக்க வேண்டும். பழைய இணைப்பு புதுக் கோப்பில் உயிரோடு இருக்காது.