விலகினால் பலவீனமா? சிமோன் பைல்ஸை வைத்து ஒரு வாக்குவாதம்

கரிசல்மண்:
என் மகள் பத்தாம் வகுப்பு. போன வாரம் மாவட்ட ஓட்டப்பந்தயத்துக்கு முதல்நாள் ராத்திரி, "மனசு சரியில்லப்பா, நான் போகல" என்றாள். திட்டினேன். உடனே பதில் வருகிறது: "சிமோன் பைல்ஸே பாதியில விலகினாங்க, உலகமே கைதட்டுச்சு." எனக்கு வாயடைத்துப் போயிற்று. அங்கே சொல்ல முடியாததை இங்கே கொட்டுகிறேன்.

2021 ஜூலை 27, டோக்கியோ ஒலிம்பிக், மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி இறுதிச் சுற்று. அமெரிக்க வீராங்கனை பைல்ஸ் ஒரே ஒரு வால்ட் (ஓடிவந்து மேசையில் கையூன்றிப் பாயும் தாவல்) தாவினார். அதுவும் சரியாக வரவில்லை. அத்தோடு விலகிவிட்டார். 3.432 புள்ளி வித்தியாசத்தில் ரஷ்யப் பெண்களுக்குத் தங்கம், அமெரிக்காவுக்கு வெள்ளி. காலில் அடியில்லை, கையில் அடியில்லை, மனசுதான் காரணம் என்றார். இதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று இருக்கிறது, பலவீனம். அதையே துணிச்சல் என்று கூப்பிட ஆரம்பித்தால் நாளைக்கு எந்தப் பிள்ளையிடம் எதை எதிர்பார்ப்பது? 1996இல் அட்லாண்டாவில் இதே அமெரிக்காவின் கெர்ரி ஸ்ட்ரக், கணுக்கால் போன பிறகும் இரண்டாவது தடவை ஓடிவந்து தாவி ஒற்றைக் காலில் நின்றாரே, அவர் மட்டும் என்ன முட்டாளா?

நீலாம்பல்:
நான் கல்லூரி வரை ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவள். பெரிய ஆள் எல்லாம் இல்லை, ஆனால் தலைகீழாகப் பறந்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன், கரிசல் சார், "மனசு சரியில்லை" என்பதை நீங்கள் தேர்வுக்கு முந்தின நாள் வயிற்றுவலி மாதிரி எடுத்துக்கொண்டீர்கள்.

பைல்ஸுக்கு வந்ததை அந்த ஆட்டக்காரர்கள் "ட்விஸ்டீஸ்" என்பார்கள். காற்றில் சுழலும்போது எது மேலே, எது கீழே, எத்தனை சுற்று ஆயிற்று என்கிற கணக்கு மூளையில் அறுந்துபோகும். அன்றைக்கு அவர் சுற்ற நினைத்தது இரண்டரை. சுற்றியது ஒன்றரை. நடுவில் உடம்பு தானாக நின்றுவிட்டது. ஓட்டத்தில் மனசு கலைந்தால் கடைசியாக வருவீர்கள். இதில் கலைந்தால் கழுத்தில் இறங்குவீர்கள்.

சோவியத் வீராங்கனை எலெனா முகினா 1978இல் உலக சாம்பியன். 1979இல் கால் உடைந்தது. சரியாக ஆறுவதற்குள் மறுபடி பயிற்சி. 1980 ஜூலை 3, மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள்தான் பாக்கி. மின்ஸ்க் நகரில் தாமஸ் சால்டோ என்ற ஆபத்தான தாவலைப் பழகும்போது முகவாய் தரையில் மோதிக் கழுத்து முறிந்தது. வயது 20. அதற்குப் பிறகு 26 வருஷம் கை கால் அசைவில்லாமல் கிடந்து 2006இல் இறந்தார். விழுந்ததும் அவர் மனதில் வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? அப்பாடா, ஒலிம்பிக்குப் போக வேண்டியதில்லை என்பது. அவரே பின்னாளில் சொன்னது இது.

பழையசோறு:
எல்லாம் சரி. மகள் ஓடினாளா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

கரிசல்மண்:
ஓடவில்லை. என்னோடு இன்னும் பேசவும் இல்லை.

நீலாம்பல், முகினா கதை எனக்குத் தெரியாது, படித்ததும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவரை ஓர் அமைப்பே பிடரியில் கைவைத்துத் தள்ளியது. பைல்ஸை யாரும் தள்ளவில்லையே. சரி, அவருடைய கழுத்து அவருடையது. மற்ற மூன்று பெண்கள்? ஜோர்டன் சைல்ஸ் திடீரென்று பாரிலும் (இரட்டைக் கம்பி) பீமிலும் (ஒடுங்கிய கட்டை) ஏற வேண்டியதாயிற்று. சுனிசா லீ தரைப் பயிற்சிக்கு வரவேண்டிய ஆளே இல்லை, அவரையும் இறக்கினார்கள். அணி என்று வந்தபிறகு என் மனசு என் இஷ்டம் என்று சொல்ல முடியுமா?

கணக்குப்பிள்ளை:
கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அணி இறுதியில் ஒவ்வொரு கருவியிலும் மூன்று பேர், மூன்று மதிப்பெண்ணும் கூட்டலில் சேரும். தள்ளுபடி கிடையாது. ஒருமுறை விழுந்தால் முழுசாக 1 புள்ளி போகும். அந்த நிலையில் பைல்ஸ் இன்னும் மூன்று கருவிகளில் ஏறியிருந்தால் வெள்ளியும் சந்தேகம்தான். இன்னொன்று, தகுதிச் சுற்றில் பைல்ஸ் எல்லாக் கருவியிலும் ஆடியும் ரஷ்யர்கள் 1.067 முன்னால் இருந்தார்கள். தங்கம் ஒன்றும் இவர்கள் மடியில் இருந்து விழவில்லை.

தமிழய்யா:
கரிசல் தம்பி, "வலி" என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு நோவு என்கிற பொருளில் பேசுகிறோம். குறளில் அது வலிமை. வலியறிதல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. அதில் மரத்தின் நுனிக்கொம்பு வரை ஏறியவன் அதற்கும் மேலே ஏறப்பார்த்தால் உயிர் போய்விடும் என்று வருகிறது. தன் வலி எவ்வளவு என்று தெரிவதும் வலியில் சேர்த்திதான்.

கரிசல்மண்:
ஐயா, அதே குறளில் ஊக்கமுடைமையும் இருக்கிறது. உடம்பெல்லாம் அம்பு தைத்தும் தளராமல் நிற்கும் யானை அங்கேதான் வருகிறது. குறளை எடுத்தால் இரண்டு பக்கமும் வக்கீல் கிடைப்பார்!

தமிழய்யா:
யானைக்குத் தைத்தது வெளியிலிருந்து வந்த அம்பு. கொம்பு ஒடிவது ஏறுகிறவன் கணக்கில். இரண்டும் ஒன்றில்லை, தம்பி.

லாரிக்காரர் மகன்:
ஒலிம்பிக் எல்லாம் எனக்குத் தூரம். அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டினார். ஒருமுறை பெங்களூர்ப் பக்கமிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது, தொப்பூர் கணவாய் இறங்குவதற்கு முன்னாலேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறார். கண் சொருகியதாம். அந்த இறக்கத்தில் எத்தனை வண்டி உருண்டிருக்கிறது என்று அந்த ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும். லோடு மூன்று மணி நேரம் தாமதம். ஓனர் எல்லார் முன்னாலும் கேட்டாராம், "தூக்கத்தையே அடக்கத் தெரியாதவனுக்கு ஸ்டீயரிங் எதுக்கு?" அந்த மாதம் சம்பளத்தில் பிடித்தமும் உண்டு. கரிசல் அண்ணே, உங்கள் கணக்குப்படி அப்பா பலவீனமானவரா?

நீலாம்பல்:
ஸ்ட்ரக்கைக் கேட்டீர்களே, அந்த இரண்டாவது தாவல் இல்லாமலேயே அமெரிக்காவுக்குத் தங்கம் கிடைத்திருக்கும். அவருக்கு அப்போது 18 வயது. காயத்தால் தனிநபர் இறுதிகளையும் விட்டுவிட்டு, அத்தோடு அந்த ஆட்டமே முடிந்தது.

யாரும் தள்ளவில்லை என்கிறீர்கள். அதே அமெரிக்க அணியின் மருத்துவர் லேரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் எத்தனையோ சிறுமிகளை வருஷக்கணக்காகச் சீரழித்தார். பைல்ஸும் அவர்களில் ஒருவர். 2018இல்தான் நாசருக்கு மிச்சிகனில் 40 முதல் 175 வருஷம் என்று தண்டனை வந்தது. வாய் திறந்தால் பலவீனம், பல்லைக் கடித்தால் பலம் என்று ஆறு வயதிலிருந்தே பழக்கிவிட்ட இடத்தில் அவனுக்கு எவ்வளவு வசதி என்று நினைத்துப் பாருங்கள். அங்கே வளர்ந்த பெண் "என்னால் முடியவில்லை" என்று உரக்கச் சொன்னதற்குத்தான் கைதட்டினார்கள்.

கரிசல்மண்:
நாசர் விஷயம் சரி, நான் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை.

விலகியது சரி என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போதும் ஒன்று உறுத்துகிறது. ஆகஸ்ட் 3ஆம் தேதி பைல்ஸ் திரும்பி வந்து, கடைசியில் சுழற்சி இல்லாமல் இறங்கும்படி மாற்றிக்கொண்டு, பீமில் வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. இது இல்லாமல் டோக்கியோவோடு காணாமல் போயிருந்தால் இதே ஜனம் கைதட்டியிருக்குமா? ஜெயித்தவர் விலகினால் ஞானம், தோற்றவர் விலகினால் பலவீனம். அப்படித்தானே நடக்கிறது?

நீலாம்பல்:
அது நியாயமான கேள்வி. கைதட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அது ஜனத்தின் குறை, சார்.

கரிசல்மண்:
இருக்கலாம். லாரிக்காரர் மகன் தம்பி, உங்கள் அப்பாவைச் சத்தியமாகப் பலவீனமானவர் என்று சொல்ல மாட்டேன். அவர் செய்தது வேலை தெரிந்தவன் செய்வது. யாரும் மாலை போடவில்லை, அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். அதில்தான் எனக்கு மரியாதை. விலகுவதாக இருந்தால் அப்படி விலகட்டும்.

லாரிக்காரர் மகன்:
அண்ணே, ஒரு திருத்தம். இது அப்பா சொல்லி எனக்குத் தெரிந்ததில்லை. அவர் இறந்த அன்று, துக்கம் கேட்க வந்த பழைய கிளீனர் சொன்னது. அப்பா வீட்டில் ஒருத்தரிடமும் இதை மூச்சுவிட்டதில்லை. அன்று ஏன் தாமதம் என்று அம்மா கேட்டதற்குப் பஞ்சர் என்று சொன்னாராம். அம்மா இன்னும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.