மறு: மந்தரக் கிளாரினெட்டுக்கு மௌத்பீஸ் தேர்வது – ஊதலகு, படுகை, விலகல்

குழுவினருக்கு வணக்கம்.

பேஸ் கிளாரினெட்டுக்கு (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய கிளாரினெட்) மௌத்பீஸ், அதாவது ரீடு எனும் மெல்லிய நாணல் தகட்டைக் கட்டி வாயில் வைத்து ஊதும் துண்டு, தேர்வது பற்றி நாம் எழுதும் கட்டுரையின் வரைவைப் படித்தேன். அதிலுள்ள சொற்களுக்குத் தமிழ் தேடுவதுதான் இந்த இழை. "பேஸ் கிளாரினெட்டின் வாய்த்துண்டு" என்ற தலைப்பே இடறுகிறது. வாய்த்துண்டு என்றால் வாயில் கட்டும் துணி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். முந்தைய மடல்களில் வந்தவற்றுக்கு ஒவ்வொன்றாக என் கருத்து.

> நாகசுரத்தில் சீவாளியை (ஊதும் நாணல் இதழ்களை) தாங்குவது கெண்டை. அதையே இதற்கும் வைத்துக்கொள்ளலாமே?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சீவாளிக்கு இரண்டு இதழ். ஒன்றோடொன்று மோதி அதிர்வதை அவையே பார்த்துக்கொள்ளும். கெண்டை அதைப் பிடித்துக்கொண்டு காற்றை உலவுக்குள் (நாகசுரத்தின் மரக்குழலுக்குள்) அனுப்புவதோடு சரி. கிளாரினெட்டின் ரீடு ஒற்றை இதழ். அது எதன் மேல் மோதுகிறதோ அதுதான் நாம் பெயர் தேடும் பொருள். தாங்கி என்ற வேலை அதற்கு இரண்டாம்பட்சம். சீவாளியின் மற்ற இதழ் செய்யும் வேலையைத்தான் முதலில் அது செய்கிறது. வாங்குகிறவர் காசு கொடுப்பதும் அந்த இதழின் வளைவுக்கே. கெண்டை என்று சொன்னால் அவர் பார்க்கவேண்டிய இடமே மறைந்துபோகும்.

என் பரிந்துரை: ஊதலகு. ஊது, அலகு. பக்கவாட்டில் பார்த்தால் பறவையின் மூக்குதான். பிரெஞ்சுக்காரர்களும் இதை 'பெக்', அதாவது அலகு, என்றே சொல்கிறார்கள். டிரம்பெட்டின் கிண்ணத்துக்கு அவர்களிடம் வேறு சொல். தமிழிலும் இரண்டையும் பிரித்துவிடுவது நல்லது. டிரம்பெட்டுக்கு ஊதுகிண்ணம் இருக்கட்டும். 'அலகு' அளவையியலிலும் வருகிறதே என்று யாரேனும் கேட்பீர்கள். தனித்து நின்றால் குழப்பம். 'ஊது' ஒட்டியபின் குழப்பமில்லை.

> பேஸ் என்பதற்குப் பாரி? திமிரி, பாரி என்று நாகசுரத்திலேயே இருக்கிறதே.

பாரி நாகசுரம் திமிரியைவிட நீளம், சுருதியும் தாழ்வு. ஆனால் ஒரு முழு ஸ்தாயி இறங்குவதில்லை. பேஸ் கிளாரினெட் சாதாரண பி-பிளாட் கிளாரினெட்டுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. சாதாரணக் கிளாரினெட்டின் அடிச் சுரம் ஏறக்குறைய 147 ஹெர்ட்ஸ். கீழ் இ-பிளாட் வரை போகும் பேஸ் 69 ஹெர்ட்ஸையும், கீழ் சி வரை நீண்டது 58 ஹெர்ட்ஸையும் தொடும். ஆகவே மந்தரக் கிளாரினெட். பழைய இசைத்தமிழின் 'மெலிவு' சொல்லளவில் இன்னும் சரிதான், ஆனால் அவ்வளவு பருத்த கருவியை மெலிவுக் கிளாரினெட் என்று அழைத்தால் வாசிப்பவரே சிரிப்பார். ஆல்ட்டோ கிளாரினெட்டுக்கும், பேஸுக்கும் கீழே ஒலிக்கும் காண்ட்ரா கிளாரினெட்டுக்கும் என்ன வைப்பது என்பதைத் தனி இழையில் பேசுவோம்.

இனி உறுப்புகள். நான் பார்க்கும் சோதனை ஒன்றுதான்: கடையில் நின்று ஊதலகு தேர்பவருக்கு இந்தச் சொற்களை வைத்து வழி சொல்ல முடிகிறதா? வரைவில் முகப்பு, வாய்த்திறப்பு, மேசை என்று இருக்கின்றன. மேசை என்பது ஆங்கில 'டேபிள்' என்பதன் அப்படியே இறக்குமதி. ரீடின் தட்டையான அடிப்பாகம் படுத்துக்கிடக்கும் சமதளம் அது, படுகை என்போம். படுகை முடிந்ததும் ஊதலகின் இரு ஓரங்களும் ரீடைவிட்டு மெல்ல விலகி வளைகின்றன. அந்த வளைவு விலகல். அதன் நீளம் விலகல் நீளம். விலகிப்போய் நுனியில் ரீடுக்கும் ஊதலகுக்கும் நடுவே மிஞ்சுவது நுனி இடைவெளி. முகப்பு என்ற சொல் வீட்டு வாசலைத்தான் நினைவூட்டுகிறது, வளைவை அல்ல.

இந்தச் சொற்களை வைத்துத் தேர்வுப் பத்தியை எழுதிப் பார்த்தேன். வரைவில் இதை அப்படியே சேர்க்கலாம்:

"ரீடு ஒரு கதவு. ஊதும் அழுத்தம் அதை மூடப் பார்க்கும், குழாயில் போய்த் திரும்பும் அலை அதைத் திறக்கும். நுனி இடைவெளி பெரிதானால் கதவு மூட அதிக அழுத்தம் வேண்டும்; ரீடு கடினமானாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் மூச்சு போதாது. பெரிய இடைவெளிக்கு மெல்லிய ரீடு, சிறிய இடைவெளிக்குக் கடின ரீடு என்பது இதனால்தான். மந்தரக் கிளாரினெட்டின் ரீடு அகலமும் நீளமும் கூடியது, டெனர் சாக்ஸபோன் ரீடுக்குக் கிட்டத்தட்ட நிகர். பலர் டெனர் ரீடையே போட்டு வாசிக்கிறார்கள். ஆகவே இடைவெளியும் கூடும். வாண்டோரன் நிறுவனத்தின் சாதாரணக் கிளாரினெட் ஊதலகு பி45-இல் அது 1.195 மில்லிமீட்டர். பி40 என்ற பெயரில் அவர்களே சாதாரணக் கிளாரினெட்டுக்கும் மந்தரக் கிளாரினெட்டுக்கும் ஊதலகு செய்கிறார்கள்; பெயர் ஒன்று, அளவு வேறு. செல்மர் நிறுவனம் ஊதலகுகளில் போடும் சி-நட்சத்திரக் குறியும் இப்படித்தான், கருவிக்குக் கருவி பொருள் மாறும். ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது.

விலகல் நீளமானால் ரீடில் அதிர்கிற பகுதி கூடும்; அடிச் சுரங்கள் தாராளமாகப் பேசும். குறுகினால் மேல் ஸ்தாயியில் பிடி கிடைக்கும், கீழே முரண்டு பிடிக்கும். புதிதாகத் தொடங்குபவர் நடுத்தர இடைவெளி, சற்று நீண்ட விலகல், 2½ எண் ரீடு (எண் கூடினால் கடினம் கூடும்) என்று ஆரம்பிப்பது பாதுகாப்பு."

விலகலை அளக்கும் விதத்தையும் சேர்க்கலாம். கோடு கீறிய கண்ணாடிச் சட்டத்தைப் படுகை மேல் வைத்து, 0.0015 அங்குலத் தகட்டை நுனிப்பக்கமிருந்து நழுவவிட வேண்டும். அது எங்கே தட்டி நிற்கிறதோ அங்கே விலகல் தொடங்குகிறது. தகடு ஒருபக்கம் சாய்ந்து நின்றால் இரண்டு ஓரமும் சமமில்லை. கீச்சிடும் ஊதலகுகள் பலவற்றில் நோய் இதுதான்.

உள்ளே இருக்கும் குழிக்கு அறை, நுனியை ஒட்டி ரீடுக்கு எதிரே சரியும் பரப்புக்கு உட்கூரை. இவற்றில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். அறை பெருத்தால் சுருதி இறங்கும் என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்.

—

ஐயா, வணக்கம்.

ஊதலகு, படுகை, நுனி இடைவெளி மூன்றும் எனக்குச் சம்மதம். விலகல் வேண்டாம். பள்ளிப் புள்ளியியலில் அது ஏற்கெனவே குடியேறிவிட்டது. "இந்த ஊதலகில் விலகல் அதிகம்" என்று எழுதினால், அளவு தப்பிப் பிறந்த குறைப்பொருள் என்றே வாசிப்பார்கள். விலகுவளைவு என்றால் குற்றம் தொனிக்காது.

நான் ஊரில் ஒரு பேண்டு குழுவில் இதை வாசிக்கிறவள், அதனால் வரைவில் விட்டுப்போனவற்றைச் சொல்கிறேன். கடைக்குப் போகும்போது சொந்தக் கழுத்துக்குழாயை (ஊதலகைச் செருகும் வளைந்த குழாய்) எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஊதலகின் தக்கைச் சுற்று எல்லா நிறுவனத்துக் கழுத்திலும் ஒரே இறுக்கமாக உட்காராது. ஆடினால் காற்று கசியும். கசிவோடு ஊதிப் பார்த்து நல்ல ஊதலகைத் தள்ளிவிட்டு வருவோம். பழகிய ரீடும் கூடவே போகட்டும். புது ரீடு, புது ஊதலகு இரண்டையும் ஒன்றாகச் சோதித்தால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது.

ரீடைக் கட்டி, கீழ்த் துளையை உள்ளங்கையால் அடைத்துக் காற்றை உறிஞ்சி வாயை எடுங்கள். ரீடு ஓரிரு நொடி ஒட்டிக்கிடந்து 'டப்'பென்று விட்டால் படுகையும் ஓரங்களும் ரீடோடு பொருந்துகின்றன. பிறகு அடிச் சுரத்தை மிக மெதுவாகத் தொடங்கிப் பாருங்கள், அதே விரல் பிடியில் ரெஜிஸ்டர் விசையை (மேல் வரிசைச் சுரங்களுக்கு ஏற்றும் விசை) அழுத்திப் பன்னிரண்டாம் சுரத்துக்கு ஏறுங்கள். கடையில் எல்லாரும் பலமாக ஊதித்தான் பார்க்கிறார்கள். பலமாக ஊதினால் எந்த ஊதலகும் பேசும்.

இன்னொன்று, சாதாரணக் கிளாரினெட்டிலிருந்து வருபவர்கள் நுனியை மட்டும் கவ்வுவார்கள். இங்கே ஊதலகு வாய்க்குள் சற்று ஆழமாக, படுத்த வாக்கில் போக வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் பழி ஊதலகின் மேல்தான் விழும்.

—

அம்மா, விலகுவளைவு சரி, என் பத்தியில் மாற்றிக்கொள்கிறேன். விலகுவளைவு நீளம் என்பது கொஞ்சம் இழுக்கிறது. வளைவு நீளம் என்று குறுக்கினால் போதும். உங்கள் கழுத்துக்குழாய்ப் பத்தியையும் உறிஞ்சும் சோதனையையும் அளவுக் கணக்குக்கு முன்னால் வைக்கலாம், வாங்குபவருக்கு முதலில் தேவை அதுதான். ரீடை நாம் ரீடு என்றே எழுதிவந்திருக்கிறோம். ஒற்றைச் சீவாளி என்று மாற்ற விரும்புவோர் வரைவு ஏறுவதற்குள் சொல்லுங்கள். எனக்கு ரீடே போதும், தமிழ்நாட்டில் கிளாரினெட் சதிர்க் கச்சேரிக்கு வந்த 19-ஆம் நூற்றாண்டு முதலே கருவியின் பெயரைத் தமிழாக்காமல்தான் வாசித்து வருகிறோம்.