விசையின் விசை எவ்வளவு? (கலைச்சொல் உதவி, திங்கள் மாலைக்குள்)

தட்டான், சனி காலை

குழுவினருக்கு வணக்கம். ஒரு கணினி இதழுக்காக விசைப்பலகை ஒப்பீட்டுக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கேம் ஆடுபவர்களுக்கானது. வயர் உள்ள, நம்பர் பேட் உள்ள, 104 விசைகளும் வைத்த பெரிய மெக்கானிக்கல் பலகைகள் மட்டும், அதாவது ஒவ்வொரு விசைக்கு அடியிலும் தனி சுவிட்ச் உள்ளவை. கோர்செயர் கே70, ரேசர் பிளாக்விடோ, ஸ்டீல்சீரிஸ் ஏபெக்ஸ் புரோ மூன்றையும் வைத்து அலசுகிறார்கள். திங்கள் மாலை 6 மணிக்குக் கொடுத்தாக வேண்டும்.

நேற்று இரவு எழுதிய வாக்கியம் இது:

"சிவப்பு விசையை அழுத்தத் தேவையான விசை 45 சென்டிநியூட்டன், குறைந்த விசை என்பதால் விசை விசையாக இயங்கும்."

பத்தாவது படிக்கும் என் தம்பி இதைப் படித்துவிட்டு, "இதில எது கீ, எது ஃபோர்ஸ்?" என்றான். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எனக்கு வேண்டியவை:

ஃபோர்ஸும் கீயும் முட்டிக்கொள்ளாமல் ஒரு வழி.

ஆக்சுவேஷன் பாயின்ட். செர்ரி கம்பெனியின் சிவப்பு சுவிட்ச் மொத்தம் 4 மிமீ கீழே இறங்கும். ஆனால் 2 மிமீ இறங்கியதுமே கணினிக்குச் செய்தி போய்விடும். அந்த இடத்துக்குப் பெயர்.

லீனியர், டாக்டைல், கிளிக்கி. முதலாவது தங்குதடையில்லாமல் இறங்கும். இரண்டாவதில் நடுவழியில் ஒரு சின்ன மேடு விரலுக்குத் தெரியும். மூன்றாவதில் மேட்டோடு சத்தமும் உண்டு.

கோஸ்டிங். அழுத்தாத விசையையும் அழுத்தியதாகக் காட்டும் கோளாறு.

கடைக்காரன், சனி காலை

தம்பி, நான் ரிச்சி தெருவில் இதைத்தான் விற்கிறேன். வருகிறவன் "ரெட் இருக்கா, ப்ளூ இருக்கா, ப்ரௌன் எவ்வளவு" என்றுதான் கேட்கிறான். லீனியர் என்றுகூட முக்கால்வாசிப் பேர் சொல்வதில்லை. நீங்கள் எதற்கு மூன்று புதுச் சொல்லைப் பெற்றுப் பேர் வைத்துக் கஷ்டப்படுகிறீர்கள்? விசையும் வேண்டாம். கீ என்று எழுதுங்கள், பிரச்சினை முடிந்தது.

தட்டான், சனி காலை

கடைக்காரரே, நிறம் செர்ரிக்குச் சரி: சிவப்பு லீனியர், ப்ரௌன் டாக்டைல், நீலம் கிளிக்கி. ரேசரில் கிளிக்கி பச்சை, லீனியர் மஞ்சள். கட்டுரை இரண்டையும் ஒப்பிடுகிறது. "பச்சையும் நீலமும் ஒரே வகை" என்று எழுதினால் வாசகர் என்னை வண்ணக்குருடன் என்பார்.

நிகண்டு, சனி மதியம்

தம்பி தட்டானுக்கு,

விசை என்னும் சொல்லை அஃறிணைப் பொருளுக்கு ஏற்றியதிலேயே பிழை தொடங்கிவிட்டது. விசைத்தல் என்றால் வேகமாக எழுதல், துள்ளுதல். அது ஒரு வினை. அதை விரல் படும் கட்டிக்குப் பெயராக்கினோம், பிறகு இயற்பியலார் வந்து ஆற்றலுக்கும் இழுவைக்கும் நடுவில் அதையே நட்டார்கள். இரண்டு குடிக்கு ஒரே கிணறு.

இதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: கட்டை. ஆர்மோனியத்தில் விரல் படுவது எது? கட்டை. "ஐந்து கட்டையில் பாடினார்" என்று இன்றும் சொல்கிறோமே, அது அந்தக் கட்டையிலிருந்து வந்ததுதான். முதல் கட்டை மேல்நாட்டாரின் சி. பாடுகிறவர் சுருதியைக் கட்டையால் எண்ணுகிறார், எழுதுகிறவர் எழுத்தைக் கட்டையால் எண்ணக் கூடாதா?

கடைக்காரன், சனி மதியம்

கட்டைப்பலகை! சார், மரக்கடைக்குப் போன் போகும்.

வடலி, சனி இரவு (ரொறன்ரோ நேரம்)

தம்பி, நான் இலத்திரனியல் படித்தவள், ஆனபடியால் என் பங்குக்கு.

முதலாவது, சுவிட்ச். எங்கள் பாடநூலில் அது ஆளி. பலகை விசைப்பலகை, மேலே விரல் படுவது விசை, அதற்குக் கீழே வில்லும் தொடுகையும் உள்ள சாமான் ஆளி. இப்படிப் பிரித்தால் பாதிச் சிக்கல் போய்விடும். கட்டுரை ஒப்பிடுவது விசையை அல்ல, ஆளியைத்தானே.

இரண்டாவது, ஃபோர்ஸ். தமிழ்நாட்டில் அழுத்தம் என்றால் பிறஷர் என்று சண்டைக்கு வருவார்கள். எங்களுக்கு அது அமுக்கம். ஆகவே எங்களுக்கு "அழுத்தம் 45" என்று எழுதுவதில் வில்லங்கம் இல்லை, உங்களுக்கு உண்டு.

மூன்றாவது, டாக்டைல். தடக்கு. "கல் தடக்கி விழுந்தான்" என்போம். விரல் இறங்கும்போது ஒரு இடத்தில் தடக்குகிறது. தடக்கு ஆளி.

நிகண்டு, ஞாயிறு அதிகாலை

வடலி அம்மையாருக்கு,

ஆளியை நான் எதிர்க்கவில்லை. ஆள் பகுதி, இ விகுதி. மின்னை ஆள்வது. மிகச் சரி. ஆனால் ஆளி என்றதும் தமிழ்நாட்டு வாசகன் கோயில் தூணில் தும்பிக்கையும் கோரைப்பல்லுமாக நிற்கும் யாளியை நினைப்பான். சங்கப் பாட்டில் யானையைக் கொன்று தின்னும் விலங்கு அது. ஒரு பலகையில் 104 ஆளிகள் என்றால் திருவரங்கத்து மண்டபத்திலும் அத்தனை இருக்குமா என்று எண்ணத் தொடங்குவான்.

தடக்கு இங்கே தடுக்கு. தடுக்கு என்றால் குழந்தையைக் கிடத்தும் சிறு பாய். "அவன் தடுக்கில் பாய்ந்தால் இவன் கோலத்தில் பாய்வான்" என்ற பழமொழியில் உள்ள தடுக்கு அதுதான். அந்தத் தடுக்குக்குத் தென்னங்கீற்றா பனையோலையா என்பதில்...

மட்டுறுத்துநர், ஞாயிறு காலை

ஐயா, பாய் முடைவதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். தட்டானுக்கு முப்பத்துச் சொச்சம் மணி நேரம்தான் இருக்கிறது.

தட்டான், ஞாயிறு காலை

நன்றி. ஆளி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஆசிரியர் விடமாட்டார், அவருக்கு ஆளி என்றால் ஆளிவிதைதான். சுவிட்ச் என்றே விடுகிறேன். தடக்கு எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் புழங்காத சொல் என்பதே இங்கே வசதி, வேறு எதனோடும் முட்டாது. லீனியருக்கு?

நிகண்டு, ஞாயிறு காலை

நேர். நேர், நிரை என்பதில் உள்ள நேர். தனி அசை, சிக்கல் கிடையாது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கிளிக்கிக்குச் சொல் தேடுகிறீர்களே, தொல்காப்பியர் காலத்திலிருந்தே கையில் இருக்கிறது: நொடி. "கண்ணிமை நொடியென" மாத்திரைக்கு அளவு சொன்னார் அல்லவா? நொடி என்பது விரலைச் சொடுக்கும் ஓசை. அந்த நொடியைப் பிரித்துக் காட்டும் பழைய சூத்திரம் ஒன்றை உரைகளில் காணலாம்:

"உன்னல் காலே ஊன்றல் அரையே
முறுக்கல் முக்கால் விடுத்தல் ஒன்றே."

சொடுக்க நினைப்பது கால் மாத்திரை, விரலை ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், விடுவது ஒன்று. இப்போது தம்பி எழுதியதைப் பாருங்கள். மொத்த இறக்கம் 4, செய்தி போவது 2-இல். சரிபாதி. ஊன்றல் அரையே! ஜெர்மனிக்காரன் செர்ரி வடிவமைத்ததை நம் இலக்கணிகள் விரல்நுனியில் அளந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்த இடத்துக்கு ஊன்றுபுள்ளி. கிளிக்கி, நொடிவிசை. முடிந்தது.

தட்டான், ஞாயிறு மதியம்

ஐயா, படித்ததும் புல்லரித்தது, பொய் சொல்லவில்லை. இதை வைத்தே தனிக் கட்டுரை எழுதலாம். ஆனால் இரண்டு இடைஞ்சல்.

ஒன்று, இன்று நொடி என்றால் செகண்ட். "நொடிவிசை" என்றால் ஒரு செகண்ட் அழுத்திப் பிடிக்க வேண்டிய விசை என்று நினைப்பார்கள். வேகத்துக்காகக் காசு கொட்டுகிறவனிடம் அதைச் சொன்னால் அடிக்க வருவான்.

இரண்டு, அரை என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. செர்ரி நீலம் 4-இல் 2.2. வெள்ளி நிறத்து ஸ்பீடு 3.4-இல் 1.2. ரேசர் பச்சை 1.9. ஏபெக்ஸ் புரோவில் தகடும் தொடுகையும் இல்லை, காந்தம்தான். காந்தம் எவ்வளவு கிட்டே வந்தது என்பதை ஒரு உணரி அளக்கிறது. அதனால் செய்தி போகும் இடத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். 2019-இல் வந்த முதல் மாதிரியில் 0.4 முதல் 3.6 மிமீ வரை. 0.4 என்றால் 4-இல் பத்தில் ஒன்று. உன்னல் காலே என்ற கணக்குக்கும் முன்னால். நினைத்து முடிப்பதற்குள் எழுத்து விழுந்துவிடும்.

நிகண்டு, ஞாயிறு மதியம்

பத்தில் ஒன்று என்றால் இருமா. உன்னல் இருமா. தமிழனிடம் இல்லாத பின்னமா? கால், அரைக்கால், மாகாணி, மா...

கடைக்காரன், ஞாயிறு மதியம்

சார், கஸ்டமர் "இருமா" என்றால் பக்கத்து மருந்துக்கடைக்கு அனுப்பிவிடுவேன்.

நானும் ஒரு நூற்பா சொல்லட்டுமா? "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே." காலத்தோடு பொருந்தி வந்த சொல்லைத் தள்ளாதே என்று தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார். ஆக்சுவேஷன் காலத்துக்குப் பொருந்தித்தான் வந்திருக்கிறது, பெட்டியிலேயே அச்சடித்து.

நிகண்டு, ஞாயிறு மாலை

கடைக்காரர் நூற்பாவை எடுத்ததில் மகிழ்ச்சி, பொருள் கொண்டதில் வருத்தம். அதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் சம்பு, சள்ளை, சட்டி போன்றவை. எல்லாம் தமிழ் ஒலியோடு ஒத்துப் போகிறவை. "க்சு" என்று மெய்கள் நெரிபடும் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

கடைக்காரன், ஞாயிறு மாலை

அப்படியானால் "ஆட்சுவேசன்" என்று எழுதிக்கொள்ளலாம். என் கடைப் பையன் அப்படித்தான் சொல்கிறான். அவன் அறியாமலே வடவெழுத்தை ஒருவிவிட்டான்.

வடலி, ஞாயிறு இரவு

சண்டை நல்லாத்தான் இருக்கு, ஆனால் ஒரு விசயத்தை விட்டுவிட்டீர்கள். புள்ளி என்பதே பிழை. தட்டான் தருவது எல்லாம் மிமீ. 1.2, 2, 2.2. அது புள்ளி அல்ல, ஆழம். அதுவும் தமிழ்99 பலகையில் புள்ளிக்கென்றே ஒரு விசை இருக்கிறது. "புள்ளியை அழுத்தினால் ஊன்றுபுள்ளியில் பதியும்" என்று யாராவது எழுதத்தான் போகிறார்கள். எழுத்து பதியும் ஆழம், பதிவாழம். "சிவப்பின் பதிவாழம் 2 மிமீ. ஏபெக்ஸ் புரோவில் பதிவாழத்தை மாற்றலாம்." புள்ளியை நகர்த்துகிறோம் என்பதைவிட ஆழத்தைக் கூட்டிக் குறைக்கிறோம் என்பது விளங்கும்.

கோஸ்டிங்கையும் மறந்துபோனோம். பலகைக்கு அடியில் கம்பிகள் நிரையும் நிரலுமாக ஓடும். ஒரு சதுரத்தின் மூன்று மூலையில் உள்ள விசைகளை ஒன்றாக அழுத்தினால் மின் சுற்றிவந்து நாலாவது மூலையும் அழுத்தியது மாதிரிக் காட்டும். ஒவ்வொரு விசைக்கும் ஒரு இருவாயி (நீங்கள் டயோடு என்பீர்கள்) வைத்தால் மின் ஒரு பக்கமே போகும், தொல்லை தீரும். எங்கள் ஊரில் ஏமாற்றுவதற்குப் பேய்க்காட்டுறது என்போம். இல்லாத விசையைக் காட்டிப் பலகை உங்களைப் பேய்க்காட்டுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

நிகண்டு, ஞாயிறு இரவு

அருமை, அம்மா! பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்க்கரும்பு. பார்க்க அதுபோலவே இருக்கும், ஆனால் அதுவல்ல என்பதற்குத் தமிழில் பேய்தான் முன்னொட்டு. அழுத்தாமலே அழுத்தியதாகத் தோன்றுவது பேயழுத்தம். இதற்காக நொடியைக்கூட விட்டுக்கொடுப்பேன்.

கடைக்காரன், ஞாயிறு இரவு

பேயழுத்தம் எனக்கும் ஓகே. ஆனால் எல்லாப் பெட்டியிலும் "ஆன்ட்டி கோஸ்டிங்" என்று போட்டிருக்கும். அதைப் பேயோட்டி என்று எழுதினால் கூடவே வேப்பிலையும் கட்டித் தர வேண்டும்.

தட்டான், திங்கள் காலை

"பேயழுத்தம் தடுப்பு" என்று போட்டுவிட்டேன். கிளிக்கிக்குச் சொடுக்கு. மவுஸில் ஏற்கெனவே சொடுக்குகிறோம், ஆனால் சத்தம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஃபோர்ஸுக்குக் கடைசியில் தம்பிதான் வழி சொன்னான்: "எல்லாரும் கிராம்லதானே சொல்றாங்க?" 45 சென்டிநியூட்டன் கிட்டத்தட்ட 46 கிராம் எடை. "விசையை அழுத்த வேண்டிய எடை" என்று எழுதினேன். இயற்பியல் ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

பதிவாழமா ஊன்றலா என்று மதியத்துக்குள் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர், திங்கள் மதியம்

வந்த பதில்கள்: பதிவாழம் 4. ஊன்றல் வகையறா 1. ஆக்சுவேஷன் 1. மற்றவர்கள் மௌனம். மௌனத்தைச் சம்மதமாக எடுக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் மணி ஒன்று ஆகிறது.

நிகண்டு, திங்கள் மதியம்

அந்த 1 நான்தான் என்பது தெரிந்ததே. பதிவு என்றால் சார்பதிவாளர் அலுவலகம். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும்.

தட்டான், திங்கள் மாலை 5.50

அனுப்பிவிட்டேன். நேர், தடக்கு, சொடுக்கு, பதிவாழம், பேயழுத்தம். ஆசிரியர் எதை வெட்டுவார் என்பது அவர் கையில். எல்லோருக்கும் நன்றி.

நிகண்டு, திங்கள் இரவு

தம்பி, கட்டுரை போகட்டும். எனக்கு வலது கை விரல் மூட்டு வலிக்கிறது. இந்த ரப்பர் பலகையில் ஒவ்வொரு எழுத்தையும் அடிவரை குத்த வேண்டியிருக்கிறது. இவற்றில் எதை வாங்கினால் நல்லது? சத்தம் வேண்டாம், வீட்டில் பேரன் தூங்குவான். ஆனால் எழுத்து விழுந்தது விரலுக்குத் தெரிய வேண்டும்.

கடைக்காரன், திங்கள் இரவு

சார், உங்களுக்கு ப்ரௌன்தான். ப்ளூ எடுத்தால் பேரன் எழுந்துவிடுவான், ரெட் எடுத்தால் விழுந்தது தெரியாது. நாலு நாள் பழகினால் அடிவரை குத்தவே தோன்றாது, அந்த மேடு வந்ததும் விரலை எடுத்துவிடலாம்.

நிகண்டு, திங்கள் இரவு

ப்ரௌன் என்றால் நேரா, தடக்கா?

கடைக்காரன், திங்கள் இரவு

தடக்கு. ஆனால் பெட்டியில் பதிவாழத்தைத் தேடாதீர்கள். ஆக்சுவேஷன் என்றுதான் இருக்கும்.