மீடியம் எல்லாம் ஒன்றுதானா?

சோதனைக்குழாய்: "சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சையில் லேபில் கரு வளர்க்கிற திரவம், அதாவது மீடியம், எதுவானால் என்ன, எல்லாம் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்தான், லேப்காரன் பிழைக்க ஒரு வழி" என்று நேற்று எழுதிவிட்டுப் போன வானம்பாடிக்கு இது. நெதர்லாந்தில் ஆறு மையங்களில் 836 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரின் கருவை எச்டிஎஃப் என்ற மீடியத்திலும், மீதிப் பேரின் கருவை ஜி5 என்ற மீடியத்திலும் வளர்த்துப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். ஜி5இல் வளர்ந்த ஒற்றைக் குழந்தைகள் (இரட்டையரைச் சேர்க்காமல்) பிறந்தபோது சராசரி எடை 158 கிராம் குறைவு. தண்ணீரா இதைச் செய்தது?

வானம்பாடி: 158 கிராம்! நாலு கத்தரிக்காய். என் பெரியம்மா பேத்தி இரண்டே கால் கிலோவில் பிறந்தவள், இப்போது கபடி ஆடுகிறாள்.

சோதனைக்குழாய்: சராசரி என்று சொன்னால் பேத்தியைக் கூட்டி வருகிறீர்கள். எச்டிஎஃப் 1985இல் வந்தது, அதில் அமினோ அமிலமே கிடையாது. ஜி5இல் உண்டு. அமினோ அமிலம் கருவுக்கு நல்லது, ஆனால் அதில் ஒன்றான குளுட்டமைனை அப்படியே போட்டால் 37 டிகிரியில் உடைந்து அம்மோனியா வரும், அது கருவுக்குக் கெடுதல், அதனால்தான் உடையாத வடிவத்தில் போடுகிறார்கள். உப்புத் தண்ணீராம்! 158 கிராமுக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

மலர்விழி: அண்ணா, அதே ஆய்வில் ஜி5 பக்கம்தான் கரு தங்கியதும் கர்ப்பமானதும் அதிகம். அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஆறு வருடம் ஊசி போட்டுக்கொண்ட எனக்கு கிராம் கணக்கு எதற்கு?

சோதனைக்குழாய்: விழுங்கவில்லை, பேச்சு எடையைப் பற்றியது. குழந்தை பிறந்த விகிதத்தில் உறுதியான வித்தியாசம் இல்லை என்பதையும் படித்திருப்பீர்களே.

வானம்பாடி: இதையும் கேளுங்கள். 2010இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் நடந்த ஆய்வில் விட்ரோலைஃப் கம்பெனி மீடியத்தில் வளர்ந்த பிள்ளைகள் எடை கூடுதல் என்றார்கள். ஜி5ம் விட்ரோலைஃப்தான், 2016இல் அது எடை குறைவு. குண்டா ஒல்லியா, முடிவு செய்துவிட்டு வாருங்கள்.

சோதனைக்குழாய்: 2010இல் ஒப்பிட்டது குக் கம்பெனி மீடியத்தோடு, 2016இல் எச்டிஎஃப்போடு. விட்ரோலைஃப் கலவையும் அதே பழையது இல்லை. ஹோமியோபதி திரியிலும் இப்படித்தான் பாதி படித்துவிட்டு ஓடினீர்கள்.

வானம்பாடி: ஓடியது யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எந்த உப்பு எத்தனை என்று கம்பெனிகள் முழு அளவையும் வெளியிடுவதில்லை, அதை மட்டும் கேட்க மாட்டீர்கள். 1978இல் கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை துர்கா பிறந்தாளே, எந்தக் கம்பெனி பாட்டில்?

சோதனைக்குழாய்: துர்காவை உருவாக்கிய டாக்டர் சுபாஷ் முகர்ஜியைப் பொய்யர் என்று அரசுக் குழு விரட்டியதே, அந்தக் குழுவில் நீங்கள் இருந்திருக்க வேண்டியவர்.

தமிழ்க்குடிமகன்: மீடியம் அல்ல, வளர்ப்பு ஊடகம். படித்தவர்களே இப்படி எழுதினால் எப்படி?

சோதனைக்குழாய்: லேபில் "ஊடகத்தை எடு" என்றால் பையன் டிவி ரிமோட்டைத் தருவான். வானம்பாடி, 158 கிராம் என்ன ஆயிற்று?

வானம்பாடி: கத்தரிக்காய் என்று சொல்லியாயிற்று.

மலர்விழி: எனக்கு யாருமே பதில் சொல்லவில்லை.