எஞ்சின் மாத்தின பிறகு ஐட்லிங் ஏறி இறங்குது, அவசரம்

பம்பலப்பிட்டிப்பெடியன்:
பஞ்சிகாவத்தையில ரீகண்டிஷன் எஞ்சின் எடுத்துப் பூட்டியாச்சு. குளிரில ஸ்டார்ட் பண்ணினா பிரச்சினை இல்ல. சூடானதும் ஐட்லிங் (அக்ஸிலேற்றர் மிதிக்காம எஞ்சின் சுத்துற வேகம்) 1000க்கும் 2000க்கும் இடையில ஏறி ஏறி விழுது. செக் லைட் இல்ல. மெக்கானிக் பாஸ் ஈசியு, அதான் எஞ்சின் கம்பியூட்டர், மாத்தோணும் எண்டுறார். மாத்திறதா? கெதியா சொல்லுங்க.

ஸ்பானர்செட்:
என்ன வாகனம்? 😀

தெமட்டகொடநானா:
ஐட்லிங் காத்தை அளந்து விடுற ஐஏசி வால்வ்தான், வேற ஒண்டும் இல்ல. கழட்டி கார்ப் கிளீனர் அடிச்சுப் பூட்டுங்க.

மூத்தகை:
வாகனம், வருசம், எஞ்சின் கோட், கியர்பொக்ஸ். இந்த நாலும் இல்லாம வாற கேள்விக்கு சோதிடர்தான் பதில் சொல்லலாம். எத்தின தரம் எழுதுறது.

பம்பலப்பிட்டிப்பெடியன்:
சொறி. ஹொண்டா சிஆர்வி ஆர்டி1, 97, ஒட்டோ. இருந்த எஞ்சினும் பி20பி, போட்டதும் பி20பி.

ஸ்பானர்செட்:
றேடியேற்றருக்கு எப்பிடித் தண்ணி ஊத்தினது? காத்து எடுத்ததா? ஹீற்றர் சூடா வருதா?

பம்பலப்பிட்டிப்பெடியன்:
மேல வரைக்கும் நிரப்பி மூடினது. ஹீற்றர் போட்டுப் பாக்கேல்ல.

ஸ்பானர்செட்:
அப்ப அதுதான். த்ரொட்டில் பொடியில இருக்கிற ஃபாஸ்ட் ஐடில் வால்வ், கூலன்டின்ர (றேடியேற்றர் தண்ணியின்ர) சூட்டிலதான் மூடும். அந்தத் தண்ணி வழியில காத்து நிண்டா வால்வ் திறந்தே கிடக்கும். எஞ்சினுக்குள்ள காத்து கூடப் போக ஆர்பிஎம் ஏறும். த்ரொட்டில் மூடியிருக்கேக்க இவ்வளவு ஏன் எண்டு ஈசியு பெற்றோலை வெட்டும், விழும். திரும்பவும் ஏறும். ஈசியு தன்ர வேலையைச் சரியாத்தான் செய்யுது, காசைக் கொட்டாதீங்க.

எஞ்சின் முழுசா ஆறட்டும். சூட்டில மூடியைத் திறந்தா முகம் வெந்திடும். ஹீற்றரை முழுச் சூட்டில வையுங்க. மேல் ஹோஸ் ஹெட்டில சேர்ற இடத்தில ஒரு பிளீட் போல்ட் இருக்கு. அதைத் தளர்த்தி, குமிழி நிண்டு ஒரே சீராக் கூலன்ட் வரும்வரை ஊத்துங்க, பிறகு இறுக்குங்க. றேடியேற்றர் மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் பண்ணி, ஃபேன் ரெண்டு தரம் ஓடி நிக்கும்வரை விட்டு, குறையக் குறைய ஊத்துங்க.

அதுக்குப் பிறகும் ஆடினா, சூட்டில ஏர் டக்டைக் கழட்டி த்ரொட்டில் பொடியின்ர கீழ்த் துளையில விரல் வையுங்க. காத்து இழுத்தா ஃபாஸ்ட் ஐடில் வால்வ் பழுது. இழுக்காட்டி நானா சொன்ன ஐஏசி, இல்லாட்டி மெனிஃபோல்ட் கஸ்கட்.

மூத்தகை:
பிளக்குகளுக்கு ஸ்பார்க் பிரிக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கண்மதிப்பில பூட்டியிருப்பினம். நீல ரெண்டு பின் சேவிஸ் கனெக்டரை வயரால ஜம்ப் பண்ணி, டைமிங் லைட்டில சிவப்புக் கோட்டுக்கு வையுங்கோ, 16 டிகிரி. வெள்ளைக் கோடு டிடிசி (பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம்), அதுக்கு வைக்கிறவையும் இருக்கினம்.

கேசீரிஸ்:
இவ்வளவு மினக்கெட்டதுக்கு ஹொண்டாவின்ர கே20ஏ எஞ்சினே போட்டிருக்கலாமே மச்சான்.

ஸ்பானர்செட்:
பி எஞ்சின் இடஞ்சுழி, கே வலஞ்சுழி. கியர்பொக்ஸ் மற்றப் பக்கம் போகும். மவுண்ட், அக்ஸில், வயரிங் எல்லாம் வேற. பி-யில எக்ஸோஸ்ட் முன்னுக்கு, கே-யில ஃபயர்வோல் பக்கம். 4டபிள்யூடியும் வேணுமெண்டா இன்னும் கூத்து.

கேசீரிஸ்:
எஞ்சின் மாத்திற கிட் இருக்கே.

தெமட்டகொடநானா:
கிட் விலைக்கு இன்னொரு பி20பி வாங்கலாம். காலி வீதி டிரபிக்ல கே என்ன, பி என்ன.

மூத்தகை:
எஞ்சின் நம்பர் மாறியிருக்கு. கடை பில்லையும் கஸ்டம்ஸ் பத்திரப் பிரதியையும் இப்பவே வாங்கி, நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதியுங்கோ. விக்கேக்க அலையாதேங்கோ. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் பூட்ட முதல் மாத்தினதோ?

பம்பலப்பிட்டிப்பெடியன்:
காத்து எடுத்தது. ஒரு லீற்றருக்கு மேல குடிச்சுது. ஐட்லிங் நிண்டிட்டு. தேங்ஸ்.

மூத்தகை:
பெல்ட்?

கேசீரிஸ்:
அந்தக் கிட்ல அக்ஸிலும் சேர்த்துத்தான் வருது, நானா.