சைகை மொழியும் மூளையும்: நேரில் பார்த்தவை

பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒருமுறை பிறவியிலேயே காது கேளாத ஒரு தையல்காரரை அவர் மகள் கூட்டிவந்தார். இடது மூளையில் ரத்த அடைப்பு. வலது கை விழுந்துவிட்டது. இடது கைக்கு ஒன்றுமில்லை. பல் துலக்குவதுபோல நடிக்கச் சொன்னால் அந்தக் கையால் அச்சாகச் செய்து காட்டினார். அதே கையால் மகளின் சைகைப் பெயரைச் சொல்லத்தான் முடியவில்லை. ஒரு விரலை மடக்குவார், அது இல்லை என்று அவருக்கே தெரியும், கையை உதறிவிட்டு மறுபடி தொடங்குவார். பேச்சு இழந்தவர்கள் சொல்லைத் தேடித் தவிப்பார்களே, அதே தவிப்பு.

நடித்துக் காட்டுவது வேறு, சைகை மொழி வேறு. கலிஃபோர்னியாவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் பாய்ஸ்னர், கிளிமா, பெலூகி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1980-களிலேயே இதைக் காட்டிவிட்டார்கள். வலது மூளை பாதித்தவர்களில் சிலர் படம் வரையும்போது இடது பாதியை விட்டுவிட்டார்கள்; அவர்களுடைய சைகை மொழி குலையவில்லை. இடது மூளை அடிபட்டபோதுதான் மொழி சிதைந்தது. காது கேளாதவருக்குப் பக்கவாதம் என்றால் தயவுசெய்து சைகை மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சோதியுங்கள். 'இவர் முன்பும் பேசாதவர்தானே' என்று விட்டுவிடாதீர்கள்.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் பார்த்தது வேறு பக்கம். என் மாமனார், மாமியார் இருவருக்கும் காது கேட்காது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் இந்தியச் சைகை மொழி கற்றேன். ஆரம்பத்தில் என் கண் மாமனாரின் விரல்களை விட்டு நகராது. என் மனைவியோ அவர் முகத்தைத்தான் பார்ப்பாள். கைகள் ஓரக்கண்ணிலேயே அவளுக்குப் புரிந்துவிடும். புருவம் உயர்ந்தால் 'சாப்பிட்டாயா?', உயராவிட்டால் 'சாப்பிட்டாய்'. இலக்கணமே முகத்தில் இருக்கிறது. பழகப் பழக என் பார்வையும் மேலே ஏறியது, ஆனால் அவள் வேகம் எனக்கு வரவில்லை.

அமெரிக்கச் சைகை மொழி தெரிந்த, காது கேட்பவர்களை வைத்து 2002-இல் வந்த ஒரு ஆய்வில் இதோடு ஒத்துப்போகும் செய்தி உண்டு. பிறந்ததிலிருந்து பழகியவர்களுக்கு, இடது மூளையின் மொழிப் பகுதிகளோடு வலது மூளையில் ஆங்குலர் கைரஸ் என்ற பகுதியும் வேலை செய்தது. பருவ வயதுக்குப் பிறகு கற்றவர்களிடம் அந்தப் பகுதி அப்படி இயங்கவில்லை.

அதனால்தான் காது கேளாத குழந்தைக்கு 'முதலில் பேச்சு வரட்டும், சைகை அப்புறம்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. அந்த வயது திரும்ப வராது. கைக்குழந்தையிலேயே தொடங்குங்கள்.