ஜோதிடம் படிக்கும் அக்காவின் கவிதைப் புத்தகம்: என் அனுபவம்

எங்கள் ஜோதிடக் குழுவில் இருக்கும் அக்கா ஒருவரின் கவிதைத் தொகுப்பு அச்சாகி வந்துவிட்டது. இணைய வழியில் கூடி ஜாதகம் படிப்பவர்கள் நாங்கள். பெரும்பாலானோர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. அக்காவையும் எனக்குக் குரலாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் புத்தகத்தின் கைப்பிரதியைப் பல கட்டங்களில் படித்தவன் நான். அவருடன் பழகிய மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்லலாம் என்ற எண்ணத்தில் என்னுடையதை முதலில் எழுதி வைக்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். பெயரை மறைத்துவிட்டு ஒரு ஜாதகத்தைப் போட்டு எல்லோரும் அலசுவது எங்கள் வழக்கம். கட்டம் திரையில் வந்ததும் ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுவோம். ஏழாம் அதிபதி ஆறில், சுக்கிரன் அஸ்தங்கம், எட்டில் செவ்வாய் என்று வரிசையாக வரும். அக்கா கடைசியில்தான் பேசுவார். பேசுவதற்கு முன் ஒரே கேள்வி கேட்பார்: "இந்த ஜாதகத்தைக் கொண்டுவந்தவர் என்ன கேட்டு வந்தார்?" அந்தப் பதில் தெரியாமல் அவர் ஒரு வார்த்தை பலன் சொல்லி நான் கேட்டதில்லை. கவிதைகளும் அங்கிருந்துதான் பிறந்திருக்கின்றன என்று இப்போது புரிகிறது.

அவர் கவிதை எழுதுகிறார் என்று தெரிந்ததும் எங்களில் பலர் எதிர்பார்த்தது வேறு. பன்னிரண்டு ராசிக்கும் பாட்டு இருக்கும், நவகிரகத் துதி இருக்கும், பலன்களை வெண்பாவில் கட்டியிருப்பார் என்றெல்லாம் நினைத்தோம். வந்தது அது இல்லை. நட்சத்திரப் பெயர்கள்தான் தலைப்பு. உள்ளே இருப்பவர்களோ ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் மனிதர்கள். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் சரிசமமாகக் கவிதை பிரித்துக் கொடுக்கவும் இல்லை. ரேவதிக்கு ஒன்றுதான். மூலம், ஆயில்யம், கேட்டை, விசாகம் நான்கும் புத்தகத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டன. எந்த நட்சத்திரத்தைச் சொன்னால் பெண்ணைப் பெற்றவர்களின் முகம் மாறுமோ அந்த நான்கு.

அவர் அனுமதியோடு ஒரு கவிதையை இங்கே தருகிறேன். தலைப்பு 'மூலம்'.

கட்டத்தைப் பார்த்துவிட்டு
கண்ணாடியைக் கழற்றினார்.
மாப்பிள்ளைக்கு அப்பா இருக்கிறாரா
என்று கேட்டார்.
இல்லை என்றோம்.
அப்படியானால் பரவாயில்லை என்றார்.

இறந்துபோன ஒருவர்
என் கல்யாணத்துக்கு
முதல் சம்மதம் தந்தார்.

இதை அவர் வாசித்துக் காட்டிய அன்று குழுவில் யாரும் உடனே பேசவில்லை. மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று பயந்து, தகப்பனார் இல்லாத வரனாகத் தேடுவது நமக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான். தெரிந்து தெரிந்தே மரத்துப் போயிருந்தது. ஒன்பது வரியில் அது என்ன மாதிரியான ஏற்பாடு என்று காட்டிவிட்டார். கண்ணாடியைக் கழற்றும் அந்த ஒரு அசைவு போதும், அந்த அறையில் நாமும் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிடுகிறது.

ஜோதிடம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நட்சத்திரத்தை மட்டும் வைத்து ஒரு பெண்ணை ஒதுக்குவதற்குச் சாஸ்திரத்தில் அவ்வளவு இடம் கிடையாது. தினம், கணம், மகேந்திரம் தொடங்கி ரஜ்ஜு, வேதை வரை நாம் பார்க்கும் பத்துப் பொருத்தத்தில் மாமனார் ஆயுள் என்று ஒன்று இல்லை. அந்தத் தோஷத்தைப் பேசும் முகூர்த்த நூல்களும் நட்சத்திரத்தின் கால் பகுதிகளான நான்கு பாதங்களுக்கும் அதை ஒன்றுபோலப் பொருத்துவதில்லை. இன்னொன்றும் உண்டு. கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது ஏற்ற நட்சத்திரங்கள் என்று ஒரு பட்டியல் பார்க்கிறோமே, ரோகிணி, மிருகசீரிடம், மகம், உத்திரம், அஸ்தம், சுவாதி என்று போகும் அந்தப் பட்டியலில் மூலமும் இருக்கிறது. மூல நட்சத்திரத்தன்று தாலி கட்டலாம், மூலத்தில் பிறந்தவளுக்குக் கட்டத்தான் யோசனை. அக்கா இதைச் சொன்னபோது கோபம் எதுவும் இல்லாமல், பஞ்சாங்கத்தை விரித்துக் காட்டுகிற தொனியில் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது.

பிறகு எப்படி இந்தப் பயம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? அக்காவின் விளக்கம் ஒரு கவிஞரின் விளக்கம். "பெண் மூலம் நிர்மூலம்" என்பது நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. "மூலம் முதல் பாதமா, லக்னம் என்ன, ஏழாம் இடம் எப்படி, நவாம்சம் என்ன சொல்கிறது" என்பது ஒட்டாது. ஓசை இருந்ததால் ஒரு பாதிச் சேதி முழுத் தீர்ப்பாகிவிட்டது என்பார். அதனால்தான் அவர் கவிதையில் எதுகை மோனையைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. ஒரு நண்பர், "கொஞ்சம் சந்தம் சேர்த்தால் மனசில் நிற்குமே" என்று யோசனை சொன்னபோது, "நிற்கக் கூடாததெல்லாம் அப்படித்தான் நின்னுது தம்பி" என்று பதில் சொன்னார்.

இதில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். சந்தம் இல்லாமல் இருந்திருந்தால் இந்தச் சாஸ்திரமே நம் கைக்கு வந்து சேர்ந்திருக்காது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தன் ஜாதக நூலைச் செய்யுளில்தான் எழுதினார். தமிழில் புலிப்பாணி பெயரில் வழங்குபவையும் ஜாதக அலங்காரமும் பாட்டுகள்தான். சுவடியைப் பிரதி எடுப்பது லேசான வேலையில்லை. மனப்பாடம் செய்துதான் கற்றார்கள். மனப்பாடத்துக்குப் பாட்டுதான் வசதி. குற்றம் ஓசையுடையது இல்லை, பாட்டில் நாலு அடியையும் படிக்காமல் ஒரு அடியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு ஓடியவர்களுடையது. இதை அக்காவிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே, "அப்ப நாலு அடியும் தனித்தனியா நிக்கிற மாதிரி ஒரு பாட்டு எழுதிக் காட்டு" என்றார். இன்னும் எழுதவில்லை.

அந்த வாதத்தின் நடுவில் அவர் எடுத்துக்காட்டியதுதான் புறநானூற்றின் 229ஆம் பாட்டு. ஜோதிடம் படிக்கிற ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டிய பாட்டு அது. கூடலூர் கிழார் பாடியது. பங்குனி மாதத்து இரவில் ஒரு நட்சத்திரம் எரிந்து விழுவதைப் பார்க்கிறார். வானத்தில் எந்த மீன் உச்சியிலிருந்து சாய்கிறது, எது எழுகிறது, எது இறங்குகிறது என்று வரிசையாகச் சொல்கிறார். பழைய உரை அவற்றை உத்திரம், மூலம், மிருகசீரிடம் என்று இனம் காட்டுகிறது. ஆக, எழுந்து வந்தது மூலம்! அந்த நட்சத்திரம் விழுந்தது அரசனுக்குக் கேடு என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தும் போகிறான். ஆனால் பாட்டைப் பாருங்கள். கணிப்பு பலித்தது என்ற பெருமிதம் அதில் எங்கேயும் இல்லை. விழுந்ததைப் பார்த்தவுடன் அந்தப் புலவர் மனம், நம் அரசன் நோயில்லாமல் இருந்தால் நல்லது என்றுதான் தவிக்கிறது. தன் கணக்கு பொய்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட கணியன் அவர். "பலன் சொல்ற நமக்கு அவர்தான் குரு" என்று அக்கா சொன்னார். நான் இதுவரை கேட்ட ஜோதிடப் பாடங்களிலேயே பெரிய பாடம் அதுதான்.

கவிதைகளுக்கு எதிர்ப்பும் வந்தது. குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், தொழிலாகவே பல ஆண்டுகள் ஜாதகம் பார்த்தவர். 'மூலம்' கவிதையைக் கேட்டுவிட்டு, "ஜோதிடரைக் கல்நெஞ்சக்காரராகக் காட்டிவிட்டீர்களே அம்மா. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல முடியாமல் நாங்கள் விழுங்கியது எவ்வளவு என்று தெரியுமா?" என்று நேரடியாகவே கேட்டார். நியாயமான கேள்வி. அக்கா எதிர்வாதம் செய்யவில்லை, அவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டார். 'மூலம்' கவிதையில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. சில வாரம் கழித்து இன்னொரு கவிதையோடு வந்தார். அது 'ஆயில்யம்' பகுதியில் இருக்கிறது. அதில் வரும் எட்டாம் இடம், ஜாதகத்தில் ஆயுளைப் பார்க்கும் இடம்.

எட்டாம் இடத்தைப் பார்த்தேன்.
அவள் மடியில் இருந்த குழந்தை
என் பேனாவைக் கேட்டது.
கொடுத்தேன்.

எழுத வேண்டிய ஒன்றை
எழுதாமல் விடுவதற்கு
அந்தக் காரணம் போதும்.

என்னைக் கேட்டால் தொகுப்பிலேயே இதுதான் உச்சம். மூத்தவர் இதைத் திரும்ப ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

பிறந்த நேரம் சரியாகத் தெரியாதவர்களைப் பற்றியும் சில கவிதைகள் உண்டு. லக்னம், அதாவது பிறக்கும்போது கிழக்கில் உதிக்கும் ராசி, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக மாறும். இரண்டு லக்னங்களின் எல்லையான சந்தியில் விழுந்தால் ஐந்து நிமிட வித்தியாசத்தில் கட்டமே வேறு. ஆனால் பெற்றவளின் ஞாபகம் கடிகாரத்தில் இருப்பதில்லை. 'விளக்கு வைத்த பிறகு, மழை விடுவதற்கு முன்' என்று ஒரு அம்மா சொல்கிறாள். 'மழை எப்போது விட்டது என்று யாரைக் கேட்பது' என்று கவிதை போகிறது. நேரத் திருத்தம் செய்ய முயன்றவர்களுக்கு இந்த வரி சட்டென்று பிடிபடும்.

ஒரு விஷயத்தில் அக்கா ரொம்பக் கறாராக இருந்தார். கவிதைக்குப் பக்கத்தில் அந்த ஜாதகக் கட்டத்தையும் போட்டால் படிக்கிறவர்களுக்குப் பாடமாகவும் இருக்குமே என்று சிலர் கேட்டோம். ஒரேயடியாக மறுத்துவிட்டார். சனியும் குருவும் ராகுவும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தாலே பிறந்த வருடத்தைப் பிடித்துவிடலாம். சூரியன் மாதத்தைச் சொல்லிவிடும், சந்திரன் நாளைச் சொல்லிவிடும். கட்டத்தைப் போடுவது ஆளின் அடையாள அட்டையைப் போடுவது மாதிரிதான் என்றார். யார் சொன்ன சம்பவத்திலிருந்து ஒரு கவிதை பிறந்ததோ அவரிடம் அனுப்பி, சம்மதம் வாங்கிய பிறகே சேர்த்தார். ஒருவர் வேண்டாம் என்றதால் நல்ல கவிதை ஒன்று தொகுப்புக்கு வெளியே போனது. அது எனக்கு இன்னும் மனப்பாடம். ஆனாலும் இங்கே எழுத மாட்டேன்.

அச்சு வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று கணக்கு வரும் என்பதால் கடைசியில் சில கவிதைகளைக் கழிக்க வேண்டியிருந்தது. அட்டையில் ராசிச் சக்கரம் வேண்டாம் என்பதில் பிடிவாதமாக நின்று ஜெயித்தார். மெய்ப்புப் பார்க்க நாங்கள் சிலர் உட்கார்ந்தோம். ஒற்றுப் பிழையைவிட வரி உடைவதுதான் பெரிய தலைவலி. பக்கம் சிறிதாக இருந்தால் நீண்ட வரி தானாக மடிந்து அடுத்த வரிபோல நிற்கிறது, படிப்பவர் மூச்சு தப்பான இடத்தில் நின்றுவிடுகிறது. கவிதை அச்சிடப் போகிறவர்கள் எழுத்தின் அளவையும் பக்க அகலத்தையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெளியீட்டுக்கு நாள் குறிப்பது என்று வந்ததும் குழு இரண்டாகப் பிரிந்தது. ஜோதிடக் குழுவில் ஆயிரம் கருத்து வராமல் இருக்குமா? புதன் பின்னோக்கிப் போகும் வக்கிரம் முடியட்டும் என்றார் ஒருவர். எழுத்துக்கு மூன்றாம் இடம் பலமாக இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். சுக்கிரனைப் பாருங்கள், கவிதைக்கு அவர்தான் என்றது ஒரு கட்சி. மீனத்தில் சுக்கிரன் உச்சம், அங்கேதான் கணக்குக்குரிய புதன் நீசம். கன்னியில் புதன் உச்சம், அங்கே சுக்கிரன் நீசம். அழகு ஓங்கும் வீட்டில் கணக்கு தாழ்கிறது, கணக்கு ஓங்கும் வீட்டில் அழகு தாழ்கிறது. கவிதை எழுதுகிறவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டுதான் திண்டாட வேண்டும் என்று அன்று நடந்த பேச்சு வெகு சுவாரசியம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ஒரு வளர்பிறை நாளைத் தேர்ந்தெடுத்தார். நட்சத்திரம் மூலம். பஞ்சாங்கப்படி அந்த நாளில் ஒரு குறையும் யாராலும் சொல்ல முடியவில்லை.

புத்தகத்தில் எல்லாமே அதே உயரத்தில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கிரகங்களைப் பற்றிய பகுதி எனக்கு ஒட்டவில்லை. ஏழரைச் சனிக் கவிதைகள் தெரிந்ததையே திரும்பச் சொல்கின்றன. மனிதர்கள் வரும் பக்கங்களில் இருக்கும் உயிர் அங்கே இல்லை. ஆனால் பால்வீதியின் மையம் மூல நட்சத்திரம் இருக்கும் திசையில்தான் இருக்கிறது என்ற வானியல் உண்மையை வைத்து எழுதிய நாலு வரி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதற்காகவே அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அக்கா இப்போது அடுத்த தொகுப்புக்காகக் கேட்டுக்கொண்டிருப்பது இதுதான்: நட்சத்திரத்தின் பெயரால் உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெண்களுக்கோ சொல்லப்பட்ட வாசகம் ஏதாவது இருந்தால், அதைச் சொன்னவர் எந்தச் சொற்களில் சொன்னாரோ அப்படியே எழுதுங்கள். பிறந்த தேதி, நேரம், ஊர் எதுவும் வேண்டாம். அவற்றை அனுப்பினால் படிக்காமலே அழித்துவிடுவார்.